பழுதடைந்த கல்யாண டிவிடி: வீடியோவை மீட்க எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

பீரோவின் மேல்தட்டில், ஆல்பத்துக்குப் பக்கத்தில், மணமக்களின் படம் ஒட்டிய உறைக்குள் இரண்டோ மூன்றோ டிவிடிகள் இருக்கின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகளாக அவற்றை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பாட்டியோ அப்பாவோ காலமான பிறகு, அவர்கள் நடமாடிய, வாய்திறந்து பேசிய காட்சி எங்காவது இருக்கிறதா என்று தேடும்போதுதான் அவை வெளியே வருகின்றன. பிளேயரில் போட்டால் மாப்பிள்ளை அழைப்பு வரை ஒழுங்காக ஓடுகிறது; முகூர்த்தம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது.

இந்த நிலையில் என்னிடம் வருபவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: எந்த மென்பொருளைப் போட வேண்டும், அல்லது எந்தக் கடையில் கொடுக்க வேண்டும்? அதற்கு முன்பு கேட்க வேண்டியவை இரண்டு. தகட்டில் உண்மையில் பழுதானது எது? முதலில் செய்யும் முயற்சி தோற்றுப்போனால், அடுத்த முயற்சிக்கு அது தகட்டை விட்டுவைக்குமா? மீட்பதற்கு இருக்கும் வழிகளை இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்து ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## தகட்டில் பழுதாவது எது

கடையில் வாங்கிய திரைப்பட டிவிடியும் ஸ்டூடியோக்காரர் எரித்துக் கொடுத்த கல்யாண டிவிடியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு பொருள்கள். திரைப்படத் தகட்டில் தகவல் நுண்குழிகளாக அச்சில் அழுத்தப்பட்டிருக்கிறது. கல்யாணத் தகட்டிலோ, கரிமச் சாயம் பூசிய ஓர் அடுக்கில் லேசர் சுட்ட அடையாளங்களாக அது இருக்கிறது. அடிப்பக்கம் ஊதா நிறச் சாயலோடு தெரிந்தால் அது சாயத் தகடு என்று கொள்ளலாம். வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடுகின்றன. அதன் பின் எரிந்த இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை டிரைவால் பிரித்தறிய முடிவதில்லை.

டிவிடி என்பது ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவல் அடுக்கு அவற்றின் நடுவே இருக்கிறது. ஆகவே அடிப்பக்கத்தில் விழுந்த மெல்லிய கீறல் தகவலைத் தொடுவதில்லை. லேசர் ஒளி போகும் பாதையை மட்டும் கெடுக்கிறது. சிடியின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதில் தகவல் அடுக்கு மேற்பக்க லேபிளுக்கு ஒட்டினாற்போல, மெல்லிய மேற்பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், மேற்பக்கக் கீறல்தான் கொல்லும். டிவிடியின் விளிம்பில் பசை விட்டு இரண்டு தட்டுகளும் பிரியத் தொடங்கினால், அங்கே ஈரமும் காற்றும் நுழைந்து பிரதிபலிப்புப் படலத்தை அரித்துவிடும். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மேகம் படர்ந்தாற்போலவோ ஊசித்துளைகளாகவோ தெரிந்தால் அது இந்த வகை.

கீறல் என்றால் தகவல் இன்னும் உள்ளே இருக்கிறது; சாயம் மங்கியதென்றால் தகவலே தேய்ந்துகொண்டிருக்கிறது; அடுக்கு பிரிந்ததென்றால் அந்த இடத்திலிருந்த தகவல் போய்விட்டது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கே உரிய இன்னொரு பழுதும் உண்டு. தகட்டின் மேல் மணமக்கள் படம் அச்சிட்ட வட்டமான காகித ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். காலப்போக்கில் அது ஒரு பக்கம் சுருங்கி, தகட்டை வளைத்து, சுழலும்போது சமநிலையைக் கெடுக்கிறது. அதை உரித்தெடுக்கத் தோன்றும், உரிக்கக் கூடாது. பாதி கிழிந்த ஸ்டிக்கர், முழு ஸ்டிக்கரைவிட அதிக ஆட்டத்தைத் தரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை நான் பயன்படுத்துகிறேன்.

முதலாவது, எவ்வளவு மீளும் என்பது. இதில் விழுக்காட்டுக் கணக்கு ஏமாற்றும். இரண்டு மணி நேர வீடியோவில் 99 விழுக்காடு மீண்டது என்றால், போன 1 விழுக்காடு 72 வினாடி. தாலி கட்டும் காட்சி அவ்வளவு நேரம்கூட ஓடாது.

இரண்டாவது, படத்தின் தரம். டிவிடியில் இருப்பது 720க்கு 576 புள்ளிகள் கொண்ட எம்பெக்-2 முறையில் ஏற்கெனவே சுருக்கிய வீடியோ. இன்றைய கண்ணுக்கு அதுவே குறைவு. மறுபடியும் சுருக்கினால் இருப்பதும் போய்விடும்.

மூன்றாவது, தகட்டுக்கு நேரும் ஆபத்து. முதலில் சொன்ன இரண்டாம் கேள்விக்கு விடை தருவது இதுதான். எனவே மற்ற நான்கையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

நான்காவது, பணம், நேரம், பழக்கம் மூன்றையும் சேர்த்த செலவு. ஐந்தாவது, அந்தரங்கம். கல்யாண வீடியோவில் பெண்களும் குழந்தைகளும் நகைகளும் வீட்டின் உட்புறமும் இருக்கின்றன. அது யார் கணினியில் நகலாகத் தங்குகிறது என்பது சிறிய விஷயமல்ல.

## எந்த வழிக்கும் முன்பாக: துடைத்தல்

இதைத் தனி வழியாக எண்ணத் தேவையில்லை. எல்லா வழிக்கும் இதுவே தொடக்கம். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சைப் படலமும் மட்டுமே காரணமாக இருக்கும் தகடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். முதலில் தூசியை ஊதி அகற்றிவிட்டு, மென்மையான, நூல் உதிராத துணியில் சுத்தமான தண்ணீரையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் தடம் சுருளாக ஓடுவதால், வட்டமாக விழும் ஒரு கீறல் ஒரே தடத்தை நீளத்துக்கும் மறைத்துவிடும். குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டை மட்டுமே மறைக்கும், அதை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிகார்பனேட்டையே கெடுப்பவை. அவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம்.

## வழி ஒன்று: இன்னொரு நகலைத் தேடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் அனுபவத்தில் இதுவே மிகச் சிறந்த வழி.

ஸ்டூடியோக்கள் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, வெளிநாட்டு உறவினருக்கு ஒன்று என்று ஒரே தொகுப்பிலிருந்து பல தகடுகளை எரித்துக் கொடுத்தன. ஒரே படிமத்திலிருந்து (தகட்டின் முழு நகலான ஒற்றைக் கோப்பிலிருந்து) எரித்த இரண்டு தகடுகளில் ஒவ்வொரு செக்டாரும் (தகவல் பிரித்து வைக்கப்படும் 2,048 பைட் துண்டு) ஒரே வரிசை எண்ணில் ஒரே தகவலைத் தாங்கியிருக்கும். ஆனால் ஒரு தகடு சென்னைப் பீரோவிலும் மற்றொன்று கோவைச் சுவரலமாரியிலும் இருந்திருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றில் படிக்க முடியாத செக்டார்களை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பிவிடலாம்.

என் அக்காவின் திருமண வீடியோவை அப்படித்தான் முழுதாக மீட்டோம். எங்கள் வீட்டுத் தகட்டில் வெளி விளிம்புப் பகுதி படிக்கவில்லை; சம்பந்தி வீட்டுத் தகட்டில் நடுவே ஆழமான கீறல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பழுதான தகடுகள். இரண்டையும் இணைத்தபோது ஒரு செக்டார்கூட விடுபடவில்லை. அத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பேருந்துப் பயணம், அவ்வளவுதான் செலவு.

இரண்டு தகடுகளும் ஒரே படிமத்தைச் சேர்ந்தவையா என்பதைச் சோதிக்க, இரண்டிலும் உள்ள வீடியோக் கோப்புகளின் அளவைப் பைட் வரை ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு ஒத்திருந்தால் இணைக்கலாம். ஒத்திராவிட்டால் ஸ்டூடியோ மறுபடி தொகுத்து எரித்திருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டையும் தனித்தனியாக மீட்டு, காட்சிகளை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

ஸ்டூடியோவிடம் மூல நாடா இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுவிடலாம். மினி டிவி (MiniDV) என்ற கேமரா நாடாவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி அளவில் வீடியோ பதிவாகிறது. டிவிடியைவிடத் தரம் தெளிவாகக் கூடுதல். ஆனால் நாடாவை அழித்து அடுத்த திருமணத்துக்குப் பயன்படுத்துவது தொழிலில் வழக்கமாக இருந்தது. ஆகவே கேட்டுப் பார்ப்பது சரி, நம்பி இருக்க வேண்டாம்.

## வழி இரண்டு: கணினியில் வழக்கம்போல நகலெடுப்பது

தகட்டைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளை அப்படியே இழுத்து வன்தட்டில் போடுவது. நல்ல நிலையிலுள்ள தகட்டுக்கு இதுவே போதும். முழு வேகத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், தரத்தில் ஓர் இம்மியும் குறையாது.

பழுதான தகட்டுக்கு இது கெடுதலான வழி. டிவிடியில் வீடியோ ஏறத்தாழ 1 ஜிபி அளவுள்ள கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு செக்டார் படிக்காவிட்டாலும் இயங்குதளம் பிழைச் செய்தி காட்டி அந்தக் கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். 2,048 பைட்டுக்காக ஏறத்தாழ அரை மணி நேரக் காட்சி போய்விடுகிறது. அதற்கு முன்பாக டிரைவ் அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் திணறுகிறது. ஒருமுறை முயன்று பாருங்கள். முதல் பிழைச் செய்தி வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

## வழி மூன்று: செக்டார் செக்டாராகப் படித்து மீட்பது

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் கோப்புகளைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. தகட்டின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை படித்து, முழுத் தகட்டின் படிமம் ஒன்றை வன்தட்டில் உருவாக்குகிறோம். படிக்க முடியாத இடம் வந்தால், மென்பொருள் அதைத் தாண்டிச் சென்று நல்ல இடங்களை முதலில் சேகரித்துக்கொள்கிறது. பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. எது படித்தாயிற்று, எது படிக்கவில்லை என்பதைத் தனி வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லினக்ஸில் இதற்கு உள்ள கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, இலவசம். உபுண்டுவிலும் டெபியனிலும் ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்புப் பெயரில் கிடைக்கும். கணினியில் விண்டோஸ் மட்டுமே இருந்தால், உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு விண்டோஸில் ஐசோபஸ்டர் இருக்கிறது. அதன் எல்லா வசதிகளையும் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும்.

டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்தும்போது செக்டார் அளவை 2,048 என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். முதல் சுற்றில், பழுதான இடங்களைத் துருவ வேண்டாம் என்று சொல்லி, நல்ல இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில், நேரடி வாசிப்பு முறையில், பழுதான இடங்களை இரண்டு மூன்று தடவை முயலச் சொல்ல வேண்டும். அதற்கும் பிடிகொடுக்காத இடங்களை, கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கும் முறையில் ஒருமுறை பார்க்கலாம். எஜெக்ட் என்ற கட்டளையைக் கொண்டு டிரைவின் வேகத்தைக் குறைத்துவைப்பதும் பயன்தரும். ஸ்டிக்கர் ஒட்டிய தகடுகளுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். எல்லா டிரைவும் இந்தக் கட்டளைக்குப் பணிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் உண்மையான பலம் மென்பொருளில் இல்லை, டிரைவை மாற்றுவதில் இருக்கிறது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த செக்டாரை மற்றொன்று சாதாரணமாகப் படித்துவிடும்; லேசரின் வலிமை, லென்ஸின் தூய்மை, பிழையைக் கையாளும் முறை எல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகின்றன. அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு டிரைவை மட்டும் மாற்றினால், விடுபட்ட இடங்களை மட்டும் புதிய டிரைவ் முயலும். மெலிந்த யுஎஸ்பி டிரைவைவிட, பழைய மேசைக் கணினிக்குள் இருந்த பெரிய டிரைவ்கள் பழுதான தகட்டை நன்றாகப் படிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பழைய கணினியை எடைக்குப் போடும் முன்பு அந்த டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது நேரம். டிவிடியின் அடிப்படை வேகம் வினாடிக்கு 1.385 எம்பி, அந்த வேகத்தில் 4.7 ஜிபி தகட்டை ஒருமுறை முழுதாகப் படிக்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பழுதான இடங்களைத் துருவத் தொடங்கினால் இரவு முழுவதும், சில தகடுகளுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஓடும். இரண்டாவது, யுஎஸ்பி டிரைவ்களில் சில ஒரு போர்ட்டிலிருந்து வரும் மின்சாரம் போதாமல் தடுமாறும். தகடுதான் கெட்டது என்று நாம் தவறாக முடிவுகட்டிவிடுவோம். மூன்றாவது, மணிக்கணக்கில் சுழலும் தகடும் டிரைவும் சூடாகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுவது நல்லது.

செக்டார்களில் சில மீளாவிட்டாலும் கலங்க வேண்டாம். டிவிடி, 16 செக்டார்களைச் சேர்த்து 32 கேபி கொண்ட ஒரே பிழைதிருத்தத் தொகுதியாகக் கையாள்கிறது. பெரும்பாலும் போனால் தொகுதியாகத்தான் போகும். இரண்டு மணி நேர வீடியோவில் 32 கேபி என்பது வினாடியில் இருபதில் ஒரு பங்கு. எம்பெக்-2 முறையில் ஒரு சட்டகம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) முந்தையதைச் சார்ந்திருப்பதால் பாதிப்பு அரை வினாடி வரை நீளலாம். படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகி மீண்டும் தெளியும். அது தாங்கக்கூடியதே. தகட்டின் பட்டியல் விவரங்களைத் தாங்கும் ஐஎஃப்ஓ கோப்பு கெட்டிருந்தால்கூட, அதன் மாற்றுப் பிரதி பியூபி என்ற பெயரில் அதே தகட்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

## வழி நான்கு: பிளேயரில் ஓடவிட்டுப் பதிவு செய்வது

தொலைக்காட்சிக்குப் பக்கத்திலிருக்கும் டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளை ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியின் வழியே கணினியில் இணைத்து, வீடியோ ஓடும்போதே பதிவு செய்வது. மலிவான கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

தரத்தில் இது மூன்றாவது வழிக்குக் கீழே நிற்கிறது. எண்முறையில் இருந்ததை அலைமுறையாக மாற்றி, மறுபடி எண்முறைக்குக் கொண்டுவந்து சுருக்குகிறோம். நிறம் கசியும், விளிம்புகள் மங்கும். நேரமும் குறைவதில்லை, மூன்று மணி நேர வீடியோவுக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். தகடு நின்று நின்று ஓடும்போது படமும் ஒலியும் ஒத்துப்போகாமல் விலகுவது இன்னொரு தொல்லை.

அப்படியிருந்தும் இந்த வழியே வெல்லும் இடங்கள் உண்டு. பிளேயர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை. பிழை வந்தால் அதைத் தாண்டி அடுத்த காட்சிக்குப் போய்விடும். கணினி டிரைவ் எதுவும் அடையாளமே காணாத சில தகடுகளைப் பழைய பிளேயர் ஒன்று ஏற்றுக்கொள்வதுண்டு. அப்படி ஒரு பிளேயர் கிடைத்தால் அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு இடம் 8 சென்டிமீட்டர் குட்டித் தகடுகள். 2000களில் வந்த டிவிடி கேமராக்களில் பயன்பட்ட இவை, 1.4 ஜிபி கொள்ளளவும் சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ அரை மணி நேரப் பதிவும் கொண்டவை. பதிவு முடிந்ததும் ஃபைனலைஸ் செய்யாமல் (மற்ற கருவிகளும் படிக்கும்படி தகட்டை முடித்துவைக்காமல்) விட்டிருந்தால் வேறு கருவிகளில் அவை காலித் தகடாகத் தோன்றும். பதிவு செய்த கேமராவில் மட்டும் ஓடும். அந்தக் கேமரா இன்னும் உயிரோடிருந்தால் அதன் ஏவி கம்பி வழியே பதிவு செய்யலாம். இப்போது ஃபைனலைஸ் செய்துவிடலாமே என்று தோன்றும். அது தகட்டில் புதிதாக எழுதும் செயல், பழைய தகட்டில் பாதியில் தோற்றால் உள்ளதும் போகலாம். ஆகவே அதற்கு முன் ஐசோபஸ்டரில் படித்துப் பாருங்கள். ஃபைனலைஸ் ஆகாத தகட்டின் வீடியோவைக் கண்டெடுப்பதில் அது கைதேர்ந்தது. குட்டித் தகடுகளைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போட வேண்டும். வாய் வழியே உள்ளிழுக்கும் வகை டிரைவில் போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

## வழி ஐந்து: கீறலை மெருகேற்றுவது

அடிப்பக்கப் பாலிகார்பனேட்டை மிக மெல்லியதாகத் தேய்த்து, கீறலின் கூரிய ஓரங்களை மழுப்பி, லேசர் நேராகச் செல்ல வழிசெய்வது இது. நல்ல இயந்திரத்தில், பழகிய கையால் செய்தால் கீறலுக்கு மட்டும் பலன் தரும். சாயம் மங்கியதற்கும் அடுக்கு பிரிந்ததற்கும் இதனால் எள்ளளவும் பயன் இல்லை.

பற்பசையைத் தேய்க்கச் சொல்லும் யோசனை ஊரெங்கும் உலவுகிறது. பற்பசை ஒரு தேய்ப்புப் பொருள்தான். சில வேளை பலனும் தந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு தேய்க்கிறோம் என்ற கட்டுப்பாடு நம் கையில் இல்லை, போன மேற்பரப்பைத் திரும்ப வைக்கவும் முடியாது. திரைப்படத் தகட்டில் வேண்டுமானால் முயன்று பாருங்கள், அந்தப் படம் வேறு எங்காவது கிடைக்கும். உலகில் ஒரே ஒரு பிரதி உள்ள கல்யாண வீடியோவில் செய்யாதீர்கள். மெருகேற்றுவது என்றால், மூன்றாவது வழியில் இயன்றதையெல்லாம் எடுத்துப் படிமமாக வைத்த பிறகே அது நடக்க வேண்டும். அப்போது அது தோற்றாலும் கையில் இருப்பது குறையாது.

## வழி ஆறு: கடையில் அல்லது மீட்பு நிறுவனத்தில் கொடுப்பது

பழைய கேசட்டையும் சிடியையும் பென்டிரைவில் ஏற்றித் தருவதாக அறிவிப்பு வைத்த ஸ்டூடியோக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தகடு நன்றாக இருந்து, வீட்டில் கணினியோ டிரைவோ இல்லையென்றால் தாராளமாக அங்கே கொடுக்கலாம்.

பழுதான தகட்டைக் கொடுக்கும் முன்பு நான்கு கேள்விகளுக்கு விடை வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டை மெருகேற்றுவார்களா, அப்படியானால் முன்கூட்டியே சொல்வார்களா? தருவது தகட்டின் முழுப் படிமமா, அல்லது சுருக்கிய எம்பி4 கோப்பா? எதுவும் மீளாவிட்டாலும் கட்டணம் உண்டா? வேலை முடிந்ததும் தங்கள் கணினியிலுள்ள நகலை அழித்துவிடுவார்களா? உறவினர் ஒருவரின் தகடு, கேட்காமலே கடையில் மெருகேற்றப்பட்டுத் திரும்பி வந்தது. முன்பு முக்கால் பங்காவது ஓடிய தகட்டை அதன் பிறகு எந்த டிரைவாலும் அடையாளம் காண முடியவில்லை. முதல் கேள்வியை நான் முதலில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

தரவு மீட்பு நிறுவனங்கள் பெரும்பாலும் வன்தட்டுக்குப் பழகியவை; ஒளித்தகடுகளைக் கையாள்கிறார்களா என்று முதலில் விசாரித்துவிட்டே அனுப்ப வேண்டும். கூரியரில் அனுப்பினால் கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்புங்கள். காகித உறையில் போன தகடு விரிசலோடு வந்து சேரும். விரிசல் விட்ட தகட்டை எந்த டிரைவிலும் போடக் கூடாது. சுழலும் வேகத்தில் அது உள்ளேயே சிதறிவிடக்கூடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | மீளும் அளவு | படத் தரம் | தகட்டுக்கு ஆபத்து | பணம், நேரம் | அந்தரங்கம் |
|---|---|---|---|---|---|
| இன்னொரு நகல் | முழுதாக மீளவும் கூடும் | குறையாது | இல்லை | மிகக் குறைவு | குடும்பத்துக்குள்ளேயே |
| வழக்கமான நகல் | பழுதிருந்தால் கோப்பே போகும் | குறையாது | ஓரளவு | சில நிமிடம் | வீட்டிலேயே |
| செக்டார் மீட்பு | பெரும்பாலும் மிக அதிகம் | குறையாது | குறைவு | டிரைவுக்குச் சில ஆயிரம் ரூபாய். பல மணி முதல் சில நாள் | வீட்டிலேயே |
| பிளேயர் பதிவு | ஓடும் அளவுக்கு | குறையும் | குறைவு | சில நூறு ரூபாய் முதல். ஓடும் நேரம் | வீட்டிலேயே |
| மெருகேற்றல் | கீறலுக்கு மட்டும் | குறையாது | அதிகம், திருத்த முடியாதது | கடைக்குக் கடை மாறும் | வெளியே போகும் |
| கடை, நிறுவனம் | ஆளைப் பொறுத்தது | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | ஆளைப் பொறுத்தது | முன்பே பேச வேண்டும் | வெளியே போகும் |

## எந்த நிலையில் எது

தகடு ஓடுகிறது, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடுமாறுகிறது என்றால், மூன்றாவது வழியை இன்றே தொடங்குங்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறது பார்ப்போம் என்று குடும்பமாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டாம். சாயம் மங்கும் தகட்டில் நாளை படிப்பது இன்று படிப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.

டிரைவில் போட்டதும் தகடே இல்லை என்று கணினி சொன்னால், தகட்டின் உள்வட்டத்திலுள்ள தொடக்கப் பகுதி படிக்கவில்லை என்று பொருள். அங்கே எந்த மென்பொருளாலும் தொடங்க முடியாது. முதலில் டிரைவை மாற்றிப் பார்க்க வேண்டும். நண்பர்கள், உறவினர்கள் வீட்டிலிருந்து மூன்று நான்கு டிரைவ்களையாவது கடன்வாங்கிச் சோதியுங்கள். எதுவும் ஏற்காவிட்டால் பிளேயர்களைச் சோதியுங்கள். அதுவும் இல்லையென்றால், அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் கீறல் இருக்கும்போது மட்டும் மெருகேற்றலுக்குப் போகலாம். கீறல் எதுவும் இல்லாமலே படிக்காத தகட்டை மெருகேற்றுவது வீண்.

விளிம்பில் அடுக்கு பிரிந்திருந்தால், இன்னொரு நகலைத் தேடுவதில் முழு முயற்சியையும் செலுத்துங்கள். சுருள் தடம் உள்ளிருந்து வெளியே ஓடுவதால் விளிம்பில் இருப்பது தகட்டின் பிற்பகுதி. தகடு முழுவதும் நிறையாமல் பதிவாகியிருந்தால் விளிம்பில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஊதா நிறத்தில் எங்கே சாயல் மாறுகிறது என்று பார்த்தால் பதிவு முடியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

கையில் இருப்பது டிவிடி அல்ல, அதற்கும் முந்தைய விசிடி என்றால் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். விசிடியின் வீடியோ செக்டார்கள் 2,324 பைட் கொண்டவை, பிழைதிருத்தமும் குறைவு. மேலே சொன்ன 2,048 கணக்கில் அவற்றைப் படிக்க முடியாது. விசிடியை அறிந்த ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளே அங்கே பொருத்தம்.

## மீட்ட பிறகு

முழுப் படிமத்தை முதலில் இரண்டு இடங்களில் வையுங்கள். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே, உடன்பிறந்தவர் வீட்டில் இருக்கட்டும். இருபது தகடுகளின் படிமங்களும் சேர்ந்து 100 ஜிபிக்குள் அடங்கிவிடும். தொலைக்காட்சியில் எளிதாக ஓட ஒரே கோப்பாக வேண்டுமென்றால், மேக்எம்கேவி என்ற மென்பொருள் மறுபடி சுருக்காமலே எம்கேவி கோப்பாக்கித் தரும். கைப்பேசிக்கு ஏற்றபடி சிறிதாக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதைக் கூடுதல் பிரதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பியதை யாரும் மூலப் பிரதி என்று எண்ணிவிடக் கூடாது; அது அனுப்பும்போதே சுருக்கிவிடுகிறது.

யூடியூபில் ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள், ஸ்டூடியோக்காரர் தாலி கட்டும் காட்சிக்குப் பின்னால் சேர்த்த திரைப்படப் பாடலை நினைவில் கொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சோதனையில் அது பிடிபட்டால் ஒலி முடக்கப்படலாம், வீடியோவே தடுக்கப்படலாம். அந்தப் பாடலுக்கு அடியில்தான் சில இடங்களில் பாட்டியின் குரலும் இருக்கிறது.

மீட்டு முடித்ததும் பழைய தகடுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வரைபடக் கோப்பையும் படிமத்தோடு சேர்த்து வையுங்கள். இன்று நம்மிடமுள்ள டிரைவ்கள் படிக்காத நாற்பது செக்டார்களை, அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வரும் பழைய டிரைவ் படித்துவிடக்கூடும். அப்போது முழுத் தகட்டையும் மறுபடி சுழற்ற வேண்டியதில்லை, அந்த நாற்பதை மட்டும் கேட்டால் போதும்.